கியர் பெட்டிக்குள் வந்த தண்ணீர்

என் வலது கைக் கட்டைவிரலில் சந்தன வாசனை அடிக்கிறது. கோயிலுக்குப் போய் மாதக் கணக்காகிறது. கல்யாணம் காட்சி என்று என்னை அழைப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். இது பழைய கியர் ஆயிலில் ஊறிய சந்தனம். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன், சீயக்காய்கூடத் தேய்த்துப் பார்த்தேன். ஆயில் போய்விட்டது, சந்தனம் போகவில்லை. சோற்றைப் பிசையும்போது மூக்கில் ஏறுகிறது. ஏறும்போதெல்லாம் உன்னோடு பேச வேண்டும் போலிருக்கிறது. நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது என்கிறார்கள். எனக்கு நீ இல்லாமல் போனது அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால்.

அந்த டிராக்டர் மறுபடி என்னிடம் வந்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் யாரிடம் வேலை பார்த்தோமோ அந்த மிராசுதார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவருடைய பேரன் வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பி, கும்பகோணம் போகிற சாலையில் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறான். வாசலில் தாத்தாவின் டிராக்டரை நிறுத்த ஆசை. பொம்மை மாதிரி நின்றால் போதாதாம், மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு பத்தடி ஓடவும் வேண்டுமாம். "இந்த வண்டியத் தொட்டவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்னு சொன்னாங்க" என்றான். மிச்சம் என்ற வார்த்தையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மனைவி போன பிறகு நான் அப்படித்தான் இருக்கிறேன். மகள் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். மற்ற ஆறு நாளும் ஸ்பானர்களோடுதான் பேச்சு.

லாரியில் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினார்கள். என்ஜின் அவ்வளவு மோசமில்லை. கியர்தான் விழவில்லை, ராடு இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. சீட்டைக் கழற்றி, மிதிபலகையைக் கழற்றி, மட்கார்டைக் கழற்றி, கடைசியில் அடியில் படுத்து எண்ணெய் வடிக்கிற டிரெயின் பிளக்கைத் திறந்தேன். கறுப்பு எண்ணெய் வரவில்லை. பால் காப்பி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. கியர் ஆயிலில் தண்ணீர் கலந்தால் வருகிற நிறம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிறத்தைக் காட்டித்தான் உன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

வண்டி ஊருக்கு வந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்குமா? புது ஆட்சி வந்த புதிது. டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி. நான் தஞ்சாவூரில் லாரிப் பட்டறையில் வேலை பழகிவிட்டு, டிராக்டரும் நாலு சக்கரம்தானே என்ற தெனாவட்டில் டிரைவர் வேலைக்கு வந்திருந்தேன். குறுவைக்குச் சேற்றுழவு. பெரிய மடையைத் தாண்டியதும் வண்டி அச்சு வரைக்கும் புதைந்து உட்கார்ந்துவிட்டது. ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. பண்ணை ஏர்க்காரர்களுக்கு நீதான் தலைமை. நாலு ஜோடி மாட்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்தாய். "எங்க பொழப்பக் கெடுக்க வந்த வண்டிய நாங்களே தூக்கி விடுறோம் பாத்தியா!" என்று உன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தாய். எனக்கு மானம் போனது. வண்டி கரையேறியதும் நீ சும்மா போகவில்லை. கியர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டாய்.

ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. மிராசுதாரே கேட்டதில்லை. அந்த வாரமே மேல் மூடியைத் திறந்து உனக்குக் காட்டினேன். ஒரு பல் இன்னொரு பல்லைத் தள்ளுவதைக் கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். அப்புறம் ஏர் அவிழ்த்ததும் கொட்டகைக்கு வந்துவிடுவது உனக்கு வழக்கமாகிவிட்டது. ஒருமுறை இரண்டாவது கியர் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. பிரித்தபோது கியரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன இரும்புக் குண்டு துள்ளி விழுந்து வைக்கோலும் சாணியுமான தரையில் மறைந்துவிட்டது. நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுத் தேடினேன். நீ என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, சேற்றில் விழுந்த ஏர் ஆணியைத் தேடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காலால் துழாவினாய். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் குண்டு வந்துவிட்டது. "பட்டறையில இதெல்லாம் சொல்லித் தரலியா?" என்றாய்.

வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது என்னை நீ, வா, போ என்பாய். ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்போம். வெளியே வந்து துணியில் கையைத் துடைத்ததும் "வரேங்க" என்று சொல்லிவிட்டுத் தெற்குத் தெருவுக்குப் போவாய். டீக்கடையில் உனக்குத் தனி தம்ளர், அதைக் கழுவி வைப்பதும் நீதான். நான் பார்த்துக்கொண்டே என் தம்ளரில் குடித்தேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்தி யாருக்கு என்ன?

கியர் ராடுக்குப் பக்கத்தில் மேல் மூடியில் ஒரு குமிழ் நிற்கும், கட்டைவிரல் நுனி அளவுக்கு. "இது எதுக்கு?" என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா, அழகுக்கு வச்சிருக்கான்" என்றேன். பார்க்கச் சின்னப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது போலிருந்ததால் ஆயுத பூசைக்கு அதைத்தான் நான் சாமியாக்கிக்கொண்டேன். வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அந்தக் குமிழுக்குக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். பழைய சந்தனத்தைச் சுரண்டக் கூடாது என்பது என் கொள்கை. அதன் மேலேயே புதுச் சந்தனம். வெள்ளிக்கிழமைகளிலும் விட்டுவைக்கவில்லை. நீ கைகட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு வேர்க்குதா, இந்தப் பூசு பூசுற?" என்று கேலி செய்வாய். உனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. உன் தோளில் அப்போதே சிவப்புத் துண்டு ஏறியிருந்தது.

அடுத்த வருஷம் சம்பாவுக்குத் தகராறு முற்றியது. டிராக்டர் உழுத வயலில் ஏர்க்காரனுக்கு வேலை இல்லை என்றார் மிராசுதார். வரப்பு வெட்டும் அண்டை கட்டும் வேலையையாவது எங்களுக்கே கொடுங்கள், கூலியைக் கூட்டுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் வெளியூர் ஆட்களை இறக்கினார். நீங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றீர்கள். "வண்டி மேல எங்களுக்கு என்ன கோவம்? அது ஓடட்டும். நாங்களும் சாப்பிடணும்ல?" என்று நீ சொன்னதை நான் சீட்டில் உட்கார்ந்தபடி கேட்டேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வண்டியை நிறுத்தவில்லை.

மாட்டு ஏர் இல்லாததால் நாள் முழுக்க வண்டிதான். வெயிலில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் நிறைந்த வயலில் இறக்குவேன். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் நடு வயலில் கடகடவென்று சத்தம், அப்புறம் சக்கரம் பூட்டிக்கொண்டது. வெளியூர் ஆட்கள் கயிறு கட்டிப் பண்ணைக் களத்துக்கு இழுத்து வந்தார்கள். மிராசுதார் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில், தகராறுக்குக் காவலாக வந்திருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர். எல்லார் முன்னாலும் பிளக்கைத் திறந்தேன். பால் காப்பி கொட்டியது.

"என்னடா இது?"

"தண்ணி கலந்திருக்குங்க ஐயா."

"எப்படிரா கலக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் வேலை போகும். "யாரோ ஊத்தியிருக்காங்க ஐயா" என்றேன். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "எந்த மூடியத் தொறந்து ஊத்தணும்னு உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது. உன் பெயரைச் சொன்னேன்.

நீ களத்து வேலியோரம் உன் ஆட்களோடு நின்றிருந்தாய். நீ கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அந்த மூடியத் தொறக்கப் பெரிய ஸ்பானர் வேணுமே, அது எங்க இருந்துச்சு?" என்று என்னைப் பார்த்து மட்டும் கேட்டாய். அதற்குள் போலீஸ்காரர்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கூச்சலில் உன் கேள்வி யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. ஸ்பானர் என் பெட்டியில் பூட்டியிருந்தது. பெட்டிச் சாவி என் அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்சட்டையை இழுத்து மூடிக்கொண்டேன். இதை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நீ எத்தனை மாதம் உள்ளே இருந்தாய் என்று நான் எண்ணவில்லை. எண்ணப் பயம். ஒன்றும் நிரூபிக்க முடியாமல் உன்னை விட்டுவிட்டார்கள். ஆனால் பண்ணை நிலத்தில் இருந்த உன் குடிசையை அதற்குள் பிரித்துப்போட்டிருந்தார்கள். உன் மனைவி கைக்குழந்தையோடு பட்டுக்கோட்டைப் பக்கம் தன் பிறந்த ஊருக்குத் தேங்காய் உரிக்கப் போய்விட்டாள். நீயும் அங்கேயே போனாய். குடியிருப்பவனுக்கே மனை என்று பிற்பாடு அரசாங்கம் சட்டம் போட்டபோது தெற்குத் தெருவில் ஒவ்வொருவர் பெயருக்கும் பட்டா வந்தது. உன் மனையில் வாழைக்கன்று நின்றது.

நான் என்ன செய்தேன்? உடைந்த பல்சக்கரத்தை மாற்றினேன், துருப்பிடித்துச் சிதறிய பேரிங்கை மாற்றினேன், எண்ணெய் ஒழுகாமல் அச்சைச் சுற்றி அடைக்கிற புது சீல் போட்டேன். மேல் மூடியை மட்டும் கழுவவில்லை. அது சாமி இருக்கிற இடம். வாழையிலை விரித்து அதன் மேல் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டினேன். அடுத்த போகம், வண்டி சேற்றில் இறங்கிய பத்தாம் நாள் ஒரு சந்தேகத்தில் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். பால் காப்பி. நீ அப்போது ஊரிலேயே இல்லை. கொட்டகையைச் சுற்றிப் பண்ணை ஆட்கள் காவல் வேறு. யாரும் பார்க்காமல் வடித்து, குழி வெட்டி ஊற்றி மண்ணைத் தள்ளிவிட்டு, புது ஆயில் ஊற்றினேன். அதற்கடுத்த போகமும் அப்படியே. மிராசுதார் வேறு வண்டி வாங்கி இதைக் கொட்டகையில் ஓரங்கட்டும் வரை அப்படியே. நீ ஊற்றவில்லை என்பது எனக்கு அப்போதிருந்தே தெரியும். பின்னே தண்ணீர் எப்படி வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை. அது தெரியாதவரை, வேறு எவனோ ஊற்றியிருப்பான், நான் ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது.

உன்னை ஒரு தடவை கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நீதான் முதலில் பார்த்தாய். என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "கியர் இப்ப ஒழுங்கா விழுவுதுங்களா?" என்று கேட்டாய். "விழுவுது" என்றேன். "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டாய். நம்மைச் சுற்றித் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வா, போ என்று திட்டியிருந்தால்கூட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் செயின் பிளாக்கில் மாட்டி அந்த மேல் மூடியைத் தனியாகத் தூக்கினேன். அந்தக் காலத்தில் நீ ஒரு முனை, நான் ஒரு முனை. பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்குச் சாமி மேல் பழைய பயமெல்லாம் போய்விட்டது. குமிழ் மேல் இருந்ததைச் சந்தனம் என்று சொல்ல முடியாது. கறுத்து, இறுகி, கல்லாகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ஓடு போல ஒரே துண்டாகக் கழன்றது. உள்ளே அடுக்கடுக்காகக் குங்குமக் கோடு தெரிந்தது. குமிழின் கழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளை முழுக்கச் சந்தனம்.

அது பெட்டி மூச்சு விடுகிற வழி. பிற்காலத்தில் எத்தனையோ வண்டிகளில் இதை நானே ஊதித் துடைத்திருக்கிறேன். இந்த வண்டியில் மட்டும் அது பிள்ளையாராகிவிட்டது. பிள்ளையாரை யார் சந்தேகப்படுவார்கள்? சூடான குழம்பை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி இறுக மூடி ஆறவைத்தால் மூடி உள்ளிழுத்துக்கொள்ளும், திறக்க வராது. இதுவும் அதேதான். கொதிக்கிற பெட்டியைத் தண்ணீரில் இறக்கியதும் உள்ளே இருந்த காற்று சுருங்கி இழுத்திருக்கிறது. காற்று வர வேண்டிய மேல் வழியை நான் அடைத்துவிட்டேன். அடியில் சீல் வழியாக வயல் தண்ணீரைக் குடித்திருக்கிறது. யாரும் ஊற்றவில்லை. நான்தான். இந்தக் கட்டைவிரல்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். என்னவென்று கேட்க யாரும் இல்லாதது ஒரு வகையில் வசதியாக இருந்தது.

அந்தச் சந்தனத் துண்டை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு மறுநாள் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். நீ செத்த செய்தியை எனக்குச் சொன்ன வெற்றிலை வியாபாரிதான் விலாசமும் சொன்னார். உன் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸாம், டியூட்டிக்குப் போயிருந்தாள். தென்னந்தோப்பு ஓரத்தில் நல்ல வீடு, சுவரில் உன் போட்டோ. நரைத்தும் அதே சிரிப்பு. உன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தீப்பெட்டியைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்பானரையும் சாவியையும் சேர்த்து. அவள் சந்தனத்தைத் தொடவில்லை.

"அவரு ஊத்தலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களுக்குத் தெரியத்தான் இத்தன வருசம் ஆயிருக்கு."

நான் தீப்பெட்டியை மூடினேன்.

"அதை எங்கிட்ட வந்து ஏன் சொல்றீங்க? அன்னிக்கு எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க."

"அங்க இப்ப யாரும் இல்லம்மா. எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க."

"எடம் இருக்குல்ல?" என்றாள்.

இடம் இருக்கிறது. பண்ணைக் களம் இப்போது நெல் கொள்முதல் நிலையம். நேற்றுக் காலை போனேன். தார்ப்பாய் போட்ட நெல் குவியல்கள். ஈரப்பதம் பார்க்கிறவர் வரவில்லை என்று ஏழெட்டு விவசாயிகள் காத்துக்கிடந்தார்கள். சிதறிய நெல்லை ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். வேலி இருந்த பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதைப் பார்த்து நின்றேன். பிறகு உரக்க உன் பெயரைச் சொன்னேன், உன் அப்பா பெயரையும் சேர்த்து. இந்த இடத்தில் வைத்து அவன் மேல் நான் சொன்னது பொய் என்றேன். வண்டியில் தண்ணீர் வந்தது என்னால் என்றேன். அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து வந்து என்னை நிழலுக்கு அழைத்தார், வெயில் ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அந்தப் பெண்தான் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யாருங்க பெரியவரே அவரு? என்ன பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி நெல்லைக் கூட்ட ஆரம்பித்தாள்.

குமிழைச் சுத்தம் செய்து பொருத்திவிட்டேன். நாளைக்குப் புது ஆயில் ஊற்ற வேண்டும். வண்டி ஓடும். தீப்பெட்டி என் சட்டைப்பையில் இருக்கிறது. அந்தக் களத்தில் உன் பெயரை நான் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நீ காதால் கேட்டது முதல் தடவை சொன்னதை மட்டும்தான்.